கற்ற பாஷையை விடலாமா?

சகோதரிகளே, ரசப்பொடியும் முழங்கால் வலித் தைலமும் எழுதுகிற கை இந்தத் தடவை கம்ப்யூட்டர் பாஷையைப் பற்றி எழுதுகிறதே என்று ஆச்சரியப்படாதீர்கள். ஓசூரில் குடித்தனம் செய்துகொண்டு இந்தப் பேச்சுக் காதில் விழாமல் இருக்க முடியாது. விடிந்தால் தெருவுக்கு நாலு பேர் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஓடுகிறார்கள். மீதிப் பேருக்கு சிப்காட்டில் ஷிப்ட். யார் வீட்டில் உட்கார்ந்தாலும், "உங்க பையன் எதுல இருக்கான், ஜாவாவா, பைத்தானா?" என்றுதான் விசாரணை. பத்து வருஷத்துக்கு முன்னால் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். இப்போது எந்தப் பாஷை என்று கேட்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு மருமகப் பெண். பி.இ. முடித்து, ஐந்து வருஷம் ஜாவாவில் ஒரு பாங்க் சம்பந்தப்பட்ட வேலை பார்த்தாள். 2019இல் தலைப்பிரசவத்துக்காக வேலையை விட்டாள். பிறகு இரண்டாவதும் பிறந்தது. இப்போது சின்னதும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது, மறுபடி வேலைக்குப் போகலாம் என்று ஆசைப்படுகிறாள். ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தபோது, "ஜாவாவெல்லாம் பழசு மேடம். பைத்தான் படிச்சிடுங்க, ஆறே மாசத்துல வேலை" என்றார்களாம். கட்டணம் எழுபதாயிரம் ரூபாய். மாமியார் நல்ல மனுஷி, தன் வளையலை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். ஆனால் மனசு கேட்கவில்லை. என்னிடம் வந்து, "அக்கா, அஞ்சு வருஷம் சோறு போட்ட பாஷைய அப்படியே விட்டுடறதா? நீங்க நாலு பேர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

நான் பத்தாவதோடு நின்றவள். ஆனாலும் தெரியாததைக் கூச்சப்படாமல் கேட்கிற பழக்கம் உண்டு. வேலையில் இருப்பவர்கள், ஆள் எடுக்கிறவர்கள், எங்கள் வீட்டுக்காரர், ப்ளஸ் டூ படிக்கும் என் பெண் என்று எல்லோரையும் துளைத்தெடுத்தேன். கேட்டதில் எனக்குப் புரிந்ததை என் வழியில் சொல்கிறேன்.

நம் ஊரில் காய்காரம்மாவிடம் தெலுங்கு, அத்திப்பள்ளிச் சந்தையில் கன்னடம், வீட்டில் தமிழ் என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் பேசுகிறோமே, எப்படி வருகிறது? "சாப்பிட்டாச்சா" என்பதை "ஊட்டா ஆய்த்தா" என்கிறோம், "தின்னாரா" என்கிறோம். வார்த்தைதான் வேறு. வாக்கியம் கட்டுகிற விதம் ஒன்றே, வினைச்சொல் கடைசியில்தான் வரும். அதனால்தான் வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கூட ஒரு வருஷத்தில் பேசிவிடுகிறாள். அதே பெண்ணுக்கு, பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் படித்த இங்கிலீஷ் நாக்கில் வராது. அது கட்டுமானமே வேறு.

கம்ப்யூட்டர் பாஷைகளும் இப்படித்தானாம். ஜாவாவும் சி ஷார்ப்பும் அக்கா தங்கை மாதிரி. ஒன்று தெரிந்தால் மற்றதைச் சில வாரங்களில் பிடித்துவிடலாம். ஜாவாவுக்கும் பைத்தானுக்கும் கொஞ்சம் தூரம், ஆனால் பந்துக்கள்தான். என் பெண் விளக்கியது: ஜாவாவில் டப்பாவின் மேல் 'உளுந்து' என்று எழுதி ஒட்டிவிட்டால் அதில் உளுந்தைத்தான் போடலாம், கடலையைப் போட்டால் வாங்கிக்கொள்ளாது. பைத்தானில் டப்பாவுக்குச் சீட்டே கிடையாது, போடுவதைப் பார்த்து அதுவே புரிந்துகொள்ளும். ஜாவாவில் வாக்கியம் முடிந்தால் அரைப்புள்ளி வைக்க வேண்டும், பகுதிகளை அடைப்புக்குறிக்குள் அடைக்க வேண்டும். பைத்தானில் அதற்குப் பதில் வரி எவ்வளவு உள்ளே தள்ளி ஆரம்பிக்கிறது என்பதுதான் கணக்கு. கோலத்தில் புள்ளி வரிசை தவறினால் எல்லாமே கோணிப்போகிற மாதிரி, அதில் இடம் விடுவது தவறினால் வேலை நடக்காது.

உள்ளே நடக்கிற காரியம் ஒன்றே என்பதற்கு இன்னொரு அத்தாட்சி. 'எழில்' என்று தமிழிலேயே ஒரு கம்ப்யூட்டர் பாஷை இருக்கிறது தெரியுமோ? அமெரிக்காவில் இருக்கும் முத்து அண்ணாமலை என்ற நம்மவர் உருவாக்கியது. அதில் 'ஆனால்', 'இல்லை', 'முடி', 'பதிப்பி' என்றெல்லாம் கட்டளை கொடுக்கலாம். இப்படியிருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய், அத்தோடு முடி, வந்த விடையைக் காட்டு. படித்துப் பார்த்தேன், எனக்கே விளங்கிற்று! அந்த எழிலையும் பைத்தானில்தான் எழுதியிருக்கிறார்கள். எதை முதலில் செய்வது, எதை எத்தனை தடவை செய்வது, எங்கே நிறுத்துவது என்று யோசிக்கத் தெரிவதுதான் பெரிய படிப்பு. அதை அந்தப் பெண் ஐந்து வருஷம் செய்திருக்கிறாள். அது எங்கும் போய்விடவில்லை.

இனி, ஜாவா பழசா? பிறந்தது 1995. பைத்தான் அதற்கும் மூத்தது, 1991இல் வெளிவந்தது. (பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இங்கிலாந்தின் மான்ட்டி பைத்தான் என்ற ஹாஸ்யக் குழுவின் பெயராம்.) மூத்ததைப் புதுசு என்றும் இளையதைப் பழசு என்றும் சொல்லி விற்கிறார்கள், பாருங்கள். பைத்தானுக்கு இன்று மவுசு அதிகம் என்பது நிஜம். செயற்கை நுண்ணறிவு, புள்ளிவிவர ஆராய்ச்சி எல்லாம் பெரும்பாலும் அதில் நடக்கின்றன. ஆனால் பாங்க், இன்ஷூரன்ஸ் போன்ற இடங்களில் ஜாவா கல்தூண் மாதிரி நிற்கிறது. 2018லிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அதற்குப் புதுப் பதிப்பும் வருகிறது.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. அவள் வேலையில் இருந்தபோது பழகியது ஜாவா 8, அது 2014இல் வந்தது. அவள் பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில், நீண்டநாள் ஆதரவு தருகிற பதிப்புகளாக 2021இல் 17, 2023இல் 21, 2025இல் 25 என்று வந்துவிட்டன. ஆள் எடுக்கிற ஒருவர் என்னிடம் சொன்னது: "ஆறு வருஷம் வீட்ல இருந்தாங்கன்னு நாங்க பயப்படறதில்ல. ஜாவா 8லயே நின்னுட்டாங்களான்னுதான் பாப்போம்." ஆக அவளுக்கு வேண்டியது பாஷை மாற்றம் இல்லை. விட்ட இடத்திலிருந்து இன்றைய இடம் வரைக்கும் உள்ள இடைவெளியை நிரப்பவேண்டும். அதற்கு எழுபதாயிரம் எதற்கு? வளையலைக் கையில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஜாவா 17, 21 இரண்டிலும் புதிதாக வந்ததை எழுதிப் பழகுகிறாள். கூடவே எஸ்.க்யூ.எல். என்பதையும் தூசி தட்டுகிறாள். 1970களில் ஐ.பி.எம். கம்பெனியில் பிறந்தது அது. சேமித்து வைத்த விவரங்களிலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுப்பதற்கானது. சமையலில் உப்பு மாதிரி, நீங்கள் ஜாவா வைத்தாலும் பைத்தான் வைத்தாலும் அது வேண்டும். அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்காமல் பைத்தான் பைத்தான் என்று கூவுகிற இடங்களை நான் நம்பமாட்டேன்.

அப்படியானால் மாறவே கூடாதா என்றால், அதுவும் பிசகு. விஷுவல் பேசிக் என்று மைக்ரோசாஃப்டின் பாஷை ஒன்று 1991இல் வந்தது. கடைகளில் பில் போடுவது, ஸ்டாக் எழுதுவது, சம்பளக் கணக்கு என்று சின்னத் தொழில்களுக்கெல்லாம் கைகொடுத்தது. 1998இல் வந்த ஆறாம் பதிப்பு எளிதாகவும் உறுதியாகவும் இருந்ததால் பலர் அதிலேயே வேரோடிவிட்டார்கள். 2002இல் டாட் நெட் வந்தது. பெயர் அதேதான், உள்ளே ஆளே மாறிவிட்டது. பழையதில் எழுதினதை அப்படியே புதியதில் ஓட்ட முடியவில்லை. 2008 ஏப்ரலில் பழையதை எழுதும் கருவிக்குத் தரும் ஆதரவையே மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆறு வருஷம் அவகாசம் இருந்தது. கோபத்திலேயே அதைக் கழித்தவர்கள் உண்டு, முணுமுணுத்துக்கொண்டே சி ஷார்ப் படித்தவர்களும் உண்டு. இந்த இரண்டாவது ஆட்களில் ஒருவர் எங்கள் உறவினர். இன்றும் பழைய விஷுவல் பேசிக் கணக்குகளைப் புதியதற்கு மாற்றிக் கொடுத்தே பிழைக்கிறார். இரண்டும் தெரிந்தவருக்குத்தானே அந்த வேலை வரும்!

செல்ஃபோன் செயலிகளிலும் இப்படி ஒன்று நடந்தது. ஆண்ட்ராய்டுக்கு முதலில் ஜாவாதான். 2017இல் கூகிள் கோட்லின் என்ற பாஷையையும் சேர்த்துக்கொண்டது, 2019இல் இனி அதற்கே முதலிடம் என்று அறிவித்தது. ஆனால் இங்கே யாரும் நடுத்தெருவில் நிற்கவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம், ஒரே செயலியில் பாதி ஜாவா, பாதி கோட்லின் என்று கலந்து எழுதலாம். புது மருமகள் வந்ததற்காக மாமியார் வீட்டைவிட்டுப் போகவேண்டியதில்லை. (ஜாவா ஒரு தீவின் பெயர், கோட்லினும் ரஷ்யாவில் ஒரு தீவின் பெயர். தீவுகளில் இவர்களுக்கு என்ன மோகமோ!)

மாறுவதா வேண்டாமா என்று திகைக்கிறவர்கள், அந்தப் பாஷையை உண்டாக்கினவர்கள் இன்னும் கவனிக்கிறார்களா, அதில் புதிய வேலைகள் எழுதப்படுகின்றனவா, அல்லது பழையதை ஒட்டுப்போடுவது மட்டும்தானா என்று விசாரியுங்கள். பயிற்சி நிலையத்தில் கேட்காதீர்கள். வேலைக்கு ஆள் தேவை என்று கம்பெனிகள் போடுகிற அறிவிப்பை ஒரு மாதம் தினமும் படித்து ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். எந்த ஜோசியமும் இவ்வளவு சரியாகச் சொல்லாது.

ஒட்டுப்போடுகிற வேலை மட்டம் என்று நினைத்துவிடவும் கூடாது. கோபால் என்ற பாஷையின் கதை பெண்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்கக் கடற்படையில் கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார் இருந்தார், 1906இல் பிறந்தவர். 1934இல் கணிதத்தில் டாக்டர் பட்டம், யுத்த காலத்தில் 1943இல் கடற்படை. கம்ப்யூட்டருக்கு எண்களாலேயே கட்டளை கொடுத்துக்கொண்டிருந்த நாளில், மனுஷர் பேசுகிற இங்கிலீஷ் வார்த்தைகளால் ஏன் கொடுக்கக்கூடாது என்று கேட்டார். அது நடக்காத காரியம் என்றார்களாம் ஆண்பிள்ளைகள். அவர் செய்து காட்டினார். அவருடைய ஃப்ளோ மேட்டிக் என்ற பாஷையை முன்மாதிரியாக வைத்துத்தான் 1959இல் ஒரு குழு கூடி கோபாலை வகுத்தது. அந்தக் குழுவில் ஜீன் சாமெட் என்ற பெண்மணியும் முக்கியமானவர். ஹாப்பர் 1986இல் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றபோது வயது 79!

நம்மவர்களும் 1990களின் கடைசியில் கோபாலைக் கூட்டங்கூட்டமாகப் படித்தார்கள். பழைய கணக்குகளில் வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்திருந்ததால் 2000 பிறக்கும்போது எல்லாம் குளறுபடியாகும் என்று பயந்தார்கள். அதைத் திருத்த இந்தியாவிலிருந்து ஆள் போயிற்று. 2000 பிறந்து, வேலை முடிந்து, அடுத்த வருஷமே அமெரிக்காவில் மந்தமும் வந்தபோது, அவசரமாக மூன்று மாதம் கோபால் மட்டும் படித்தவர்களுக்குக் கஷ்டம்தான். அதே சமயம், 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலை இழந்தவர்கள் நியூ ஜெர்சி மாநிலத்தில் உதவித்தொகைக்கு லட்சக்கணக்கில் விண்ணப்பித்தபோது, அங்கேயிருந்த பழைய கம்ப்யூட்டர்கள் திணறின. கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கவர்னரே பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். அறுபது வயதான பாஷைக்கு வந்த யோகம்! ஆனால் அப்படிப்பட்ட நாளை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. கோபாலோடு பாங்கின் வட்டிக் கணக்கும், இன்ஷூரன்ஸ் சட்டதிட்டமும் தெரிந்து வைத்திருந்தவர்களைத்தான் எந்தப் பாஷை வந்தாலும் விடாமல் வைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் விஷயமும் இதுதான். சிப்காட் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் சி.என்.சி. மிஷினுக்கு ப்ரோக்ராம் எழுதுகிறார். அதுவும் ஒரு கம்ப்யூட்டர் பாஷைதான், ஜி கோடு என்பார்கள். ஜி00 என்றால் வேகமாக நகர், ஜி01 என்றால் வெட்டிக்கொண்டே நேராகப் போ, ஜி02 பிரதட்சிணம், ஜி03 அப்பிரதட்சிணம், எம்30 என்றால் முடிந்தது. பதினைந்து வருஷமாக ஜப்பான்காரர்களின் ஃபானக் கன்ட்ரோலில் பழகியவர். பிறகு ஜெர்மனியின் சீமென்ஸ் வைத்த மிஷின் இரண்டு வந்தது. ஜி00, ஜி01 எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். துளை போடுகிற வரிசை மட்டும் ஒன்றில் ஜி81, மற்றதில் சைக்கிள் 81. தண்டைச் சீவுவதற்கு ஃபானக்கில் ஜி71, அங்கே சைக்கிள் 95. எண் ஒன்று தவறினால் டூல் போய் சக்கில் இடிக்கும், ஆயிரக்கணக்கில் நஷ்டம். கூட வேலை பார்த்த இரண்டு பேர், "எனக்கு ஃபானக் போதும்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இவர் மூன்று வாரம் ராத்திரி சாப்பிட்டபின் மேனுவலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் மாதம் ஒரு ஜாபை முடிக்க இரட்டை நேரம் ஆயிற்று, எரிந்து எரிந்து விழுந்தார். பிறகு சரியாகிவிட்டது. "எஸ்.எஸ். எப்படி வெட்டும், அலுமினியம் எப்படி வெட்டும்னு கைக்குத் தெரியும். அது மிஷின் மாறினா மாறிடுமா? பட்டன்தான மாறுது" என்கிறார். இன்று அந்த யூனிட்டில் இரண்டு வகையும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஃபானக்கையும் விடவில்லை, அதுதான் முக்கியம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நம் மாநிலப் பாடத்திட்டம் மாறி 2018இல் ப்ளஸ் ஒன் கணினி அறிவியலில் சி ப்ளஸ் ப்ளஸ் வந்தது, 2019இல் ப்ளஸ் டூவுக்கு வந்த புத்தகத்தில் பைத்தான். "போன வருஷம் ஒண்ணு, இந்த வருஷம் ஒண்ணு, குழந்தைகளை ஏன் இப்படிப் படுத்தறாங்க" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா பொரிந்து தள்ளினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதினதைப் பைத்தானிலிருந்து எப்படி ஓட்டுவது என்று ப்ளஸ் டூ புத்தகத்தில் ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள். பதினேழு வயதிலேயே ஒரு தரம் மாறிப் பார்த்த பிள்ளைக்கு முப்பத்தைந்தில் மாறுவதற்குப் பயம் இருக்காது. எட்டாவது படிக்கிற பிள்ளையைக் கொண்டுபோய் ஒரே கோடை விடுமுறையில் மூன்று பாஷை வகுப்பில் சேர்க்கிறார்களே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. ஒன்றில் ஒரு காரியத்தை முழுசாகச் செய்து முடிப்பதற்குள் அடுத்தது. மூன்றிலும் 'வணக்கம்' என்று திரையில் வரவழைக்கத் தெரியும், நாலாவது வரி தெரியாது.

வீட்டிலிருந்தபடி படிக்க விரும்புகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். பாடங்கள் இலவசம், பரீட்சை எழுதிச் சான்றிதழ் வேண்டுமானால்தான் கட்டணம். சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் அதில் இருக்கிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியலில் சி, ஜாவா போன்றவற்றைத் தமிழிலேயே பேசிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

படிப்பதோடு நிற்காமல் வீட்டுக்காரியம் ஒன்றை எடுத்துச் செய்யுங்கள். அந்த மருமகப் பெண்ணிடம் எங்கள் தெருச் சீட்டுக் கணக்கைத்தான் கொடுத்திருக்கிறேன். இருபது பேர், இருபது மாதம், தள்ளுபடி, யார் எடுத்தாயிற்று, யார் பாக்கி. முதலில் அதை ஜாவாவில் எழுதி முடிக்கட்டும். இன்டர்வியூவில் காட்ட ஒன்று ஆயிற்று. அப்புறம் அதே கணக்கைப் பைத்தானில் எழுதட்டும். தெரிந்த கணக்கைப் புதிய பாஷையில் எழுதும்போது பாஷையை மட்டும் கவனித்தால் போதும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியும். இந்த முறையில் அவளுக்கு இரண்டாவது பாஷை செலவில்லாமல் வந்து சேரும், முதலாவதும் கைவிட்டுப் போகாது.

இப்போதெல்லாம் ஏ.ஐ.யே எழுதித் தருகிறதே, எதற்கு இந்தப் பாடு என்று சிலர் கேட்கிறார்கள். கேட்டுப் பார்த்தோம். எங்கள் சீட்டுக் கணக்கைக் கேட்ட மாத்திரத்தில் எழுதிக் கொடுத்தது. ஆனால் சீட்டு எடுத்தவருக்கே மறு மாதமும் சீட்டு விழும்படி எழுதியிருந்தது! அவளுக்கு ஜாவா தெரிந்ததால் எந்த வரியில் பிசகு என்று கண்டுபிடித்தாள். எனக்குச் சீட்டு தெரிந்ததால் பிசகு இருக்கிறது என்றே தெரிந்தது.

கடைசியாக உடம்பைப் பற்றி. பிள்ளைகள் தூங்கியபின் பதினோரு மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணிவரை படிக்கிறேன் என்று சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். வேண்டாம். மறுநாள் அடுப்படியில் தலைசுற்றும், படித்ததும் மனதில் தங்காது. பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வந்து, பாத்திரம் அப்படியே கிடந்தாலும் பாதகமில்லை என்று, முதல் வேலையாக உட்காருங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜன்னல் வழியே தூரத்தில் எதையாவது பாருங்கள். கட்டிலில் சாய்ந்தபடி மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொள்ளாமல், சாப்பாட்டு மேஜையில் கால் தரையில் படும்படி உட்காருங்கள். அந்த இரண்டு மணி நேரம் ஃபோன் அடித்தாலும் எடுக்கமாட்டாள் என்று வீட்டில் எல்லோரிடமும், முக்கியமாக நாத்தனாரிடம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.